எதை வைப்பது, எதை எறிவது?

சென்ற இதழில் ஆடுபுலி ஆட்டத்தைப் பற்றி நாம் எழுதியதைப் படித்த அல்சூர் அன்பர் ஒருவர், "திண்ணை விளையாட்டுகளையே எழுதிக்கொண்டிருக்கிறீரே, நம்மவர் வீடுகளில் விடுமுறை தோறும் ஆடும் சீட்டாட்டத்தைத் தொட ஏன் அஞ்சுகிறீர்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். அச்சந்தான், ஐயா. சங்கத்துத் தாய்மார் இப்பக்கத்தைப் படித்துவிட்டு நம் இல்லத்தரசியிடம் விசாரிப்பார்களே என்னும் அச்சம். அன்றியும், அந்த ஆட்டத்தால் நாம் பட்டது ஒன்றுண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுதல் முறையன்று, பின்னர்ச் சொல்கிறோம். முதலில் ஆட்டம்.

நாம் ரம்மி கற்றது மாரிக்குப்பம் வண்டியில். கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட பின்னர், அங்குள்ள தமிழர் பல்லாயிரவர் விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் வீடு திரும்பலாயினர் என்பது வாசகர் அறிந்ததே. இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து இந்நகரில் குடியேறும்வரை நாமும் அவருள் ஒருவராகவே இருந்தோம். எதிரெதிர் இருக்கைகளில் நால்வர் அமர்ந்து முழங்கால்களின்மேல் ஒரு துண்டை விரித்தால் அதுவே மேசை. பங்காருப்பேட்டை தாண்டியதும் சீட்டைக் கலைத்துப் போடுவர். கண்டோன்மென்ட் வந்ததும் கட்டி வைத்துவிடுவர். தோற்றவர் தேநீர் வாங்கித் தரவேண்டும். தேநீரும் பணயந்தானே என்று வழக்கறிஞர் அன்பர்கள் கேட்பார்களாயின், நம்மிடம் விடை இல்லை.

நமக்கு ஆசானாக வாய்த்தவர் சுரங்கத்தில் உழைத்து, அது மூடியபின் இந்நகரில் காவற்காரராக வேலை பார்த்த பெரியவர் ஒருவர். முதல் நாள் நாம் ராஜா ஒன்றையும் ராணி ஒன்றையும் வைத்துக்கொண்டு மாலூர்வரை காத்திருந்து தோற்றபோது, "தம்பி, வருகிற சீட்டு உன் கையில் இல்லை, போடுகிற சீட்டு உன் கையில்தானே இருக்கிறது? அதை ஏன் பார்க்காமல் போடுகிறாய்?" என்றார்.

ஆட்டமே அறியாதவர்க்குச் சிறிது விளக்கம். இரண்டு கட்டுச் சீட்டுகளைக் கலந்து ஆளுக்கு 13 கொடுப்பர். முறை வரும்போது ஒன்றை எடுத்து ஒன்றை எறிய வேண்டும். 13 சீட்டுகளையும் தொடர்களாகவும், ஒரே எண்ணுடைய சேர்க்கைகளாகவும் அடுக்க வேண்டும்; தொடர் இரண்டேனும் வேண்டும்; அவற்றுள் ஒன்று ஜோக்கர் கலவாத ஒரிஜினலாக இருக்க வேண்டும். ஒரிஜினல் இல்லாமல் அகப்பட்டுக்கொண்டால் கையிலுள்ளது முழுவதும் கணக்கில் ஏறும். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. மற்றவற்றுக்கு அவற்றின் எண்ணே புள்ளி. எவ்வளவு ஏறினாலும் 80க்கு மேல் இல்லை.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஆட்டின் 7, ஆட்டின் 8 என இரண்டு கையில் இருந்தால், ஆட்டின் 6 அல்லது 9 வரவேண்டும். இரண்டு கட்டிலும் சேர்த்து அத்தகையவை 4. ஆட்டின் 6, 8 இருந்தாலோ நடுவிலுள்ள 7 ஒன்றே வேண்டும். அது 2 தான். கரையில் நிற்கும் ஏஸும் 2உம் இருப்பினும் 3 ஒன்றுக்கே காத்திருக்க வேண்டும். அதுவும் 2 தான். ஆகவே இரண்டு ஜோடிகளில் ஒன்றை உடைக்க நேர்ந்தால் எதை உடைப்பது என்பது விரல்விட்டு எண்ணும் செய்தி. ஆட்டின் 7, 8 உடன் இஸ்பேட் 7உம் சேர்ந்திருந்தால் இன்னும் சிறப்பு. ஆட்டின் 6, 9 ஆகிய நான்கோடு, டைமன் 7உம் கிளாவர் 7உம் நான்கு சேர்ந்து, 8 சீட்டுகள் நமக்காகக் காத்திருக்கின்றன. இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளலாம் என்பார் பெரியவர்.

இந்த எண்ணிக்கையெல்லாம் எறியப்பட்டவற்றைக் கழித்த பின்னரே மெய்யாகும். ஆட்டின் 6 இரண்டும் போய்விட்டதைக் கவனியாமல் இருப்பவன் பாதிக் கணக்கில் ஆடுகிறான். கழித்த சீட்டுக் குவியலில் மேலே உள்ளது மட்டுமே கண்ணுக்குத் தெரியும்; அடியில் உள்ளவை நெஞ்சில் இருக்க வேண்டும். நமக்கு அந்த நினைவு வாய்க்க இரண்டாண்டு ஆயிற்று. அலுவலகத்தில் கோப்பு எண் ஒன்றைக்கூட நினைவில் வைக்காத நாம் டைமன் 9 எத்தனை போயிற்று என்று உறக்கத்திலும் சொன்னோம் என்று இல்லத்தரசி இன்றும் நகைப்பதுண்டு.

ஆங்கிலேயரிடம் கிரிபேஜ் என்றொரு சீட்டாட்டம் உண்டு. இருவர் ஆடும்போது ஆளுக்கு 6 சீட்டுகள். அவற்றுள் 4ஐ வைத்துக்கொண்டு 2ஐத் தனியே ஒரு குவியலில் இட வேண்டும். அந்தக் குவியலின் மதிப்பு சீட்டுப் போட்டவருக்கே சேரும். எனவே சீட்டுப் போட்டவர் நல்லவற்றையும் துணிந்து குவியலில் இடலாம். எதிராளி அதில் சேராச் சரக்கையே இட வேண்டும். ரம்மியில் நமக்கு அந்த நற்பேறு ஒருநாளும் இல்லை. நாம் எறிவது எப்போதும் அடுத்திருப்பவர் வாசலில்தான் விழும். ஆதலால் நமக்கு வேண்டாதது எது என்பதோடு அவருக்கு வேண்டாதது எது என்றும் பார்க்க வேண்டும். அவர் குவியலிலிருந்து எடுத்தது எது, எடுத்தபின் எறிந்தது எது என்பதே அதற்குச் சான்று. இதை அறிந்தவர் தூண்டிலும் போடுவர். ஆட்டின் 8 வேண்டுமென்றால் வேண்டாத ஆட்டின் 9 ஒன்றை முன்னதாக எறிவர். 'இவருக்கு இந்தப் பக்கம் வேலையில்லை' என்றெண்ணி மற்றவர் 8ஐ விடுவார். நாம் இத்தூண்டிலில் சிக்கிய முறைகளை எண்ண இப்பக்கம் போதாது.

பெரிய சீட்டுகளை முதலிலேயே எறிந்துவிடு என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. புள்ளிச் சுமை குறையும் என்பது உண்மையே. ஆனால் எல்லோரும் அவ்வாறே எறிவதால் முதல் மூன்று சுற்றுகளில் ராஜாவும் ராணியும் தாராளமாக விழும். கையில் ராணியும் ஜாக்கியும் ஒரே இனத்தில் இருந்தால் அச்சுற்றுகளில் பொறுத்திருப்பதே நம் வழக்கம். அதற்குமேல் பொறுப்பது பேராசை.

எல்லாவற்றையும் ஒருசேர எறிவதும் உண்டு. அதையே ஸ்கூட் என்கிறோம். 101 ஆட்டத்தில் முதற்கையிலேயே விலகினால் 20, இடையில் விலகினால் 40, நின்று தோற்றால் 80 வரை. ஐந்து முறை ஸ்கூட் விட்டாலும் 100 தான், ஆட்டத்தில் இருப்போம். இரண்டு முறை 80 வாங்கினால் இருக்க மாட்டோம். பெரியவர் ஜோக்கரும் இன்றித் தொடரின் சாயலும் இன்றி வந்த கையைத் தயங்காமல் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வைத்தலும் எறிதலும் உச்ச நீதிமன்றம்வரை சென்றதுண்டு. செகந்தராபாதில் ஒரு மன்றத்தில் பணம் வைத்து ரம்மி ஆடியவர்களைக் காவல் துறையினர் 1963இல் பிடித்தனர். அவ்வழக்கில் 1967 நவம்பரில் நீதிபதி ஹிதாயத்துல்லா வழங்கிய தீர்ப்பு, மூன்று சீட்டு ஆட்டத்தைப்போல ரம்மி முழுதும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததன்று என்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், வைப்பதிலும் எறிவதிலும் திறமை வேண்டும் என்பதே காரணம். ஆட்டத்தை நடத்துபவர் அதில் இலாபம் பார்ப்பாராயின் அது குற்றமாகலாம் என்றும் அத்தீர்ப்பே கூறியது. முன்பகுதியை எல்லோரும் எடுத்துக் காட்டினர். பின்பகுதியை யாரும் அவ்வளவாகச் சொல்லக் கேட்டோமில்லை.

இனி நம் கதை. 2020 மார்ச் இறுதியில் நாடெங்கும் பயணிகள் வண்டிகள் நின்றன. துண்டும் இல்லை, தோழரும் இல்லை. கைப்பேசியில் ரம்மி வந்தது. முதலில் பணமின்றி, பின்னர் பத்து ரூபாய், பின்னர் நூறு. நாம் நன்றாகவே ஆடினோம் என்பதை இன்றும் சொல்வோம். ஆயினும் நால்வர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்தால், வென்றவருக்கு 400 வருவதில்லை. நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொண்டே தருகிறார். சமதிறமையுள்ள நால்வர் விடியும்வரை ஆடினால் நால்வர் பணமும் குறையும். கோப்புகளில் கூட்டிக் கழித்துச் சோறு தின்னும் நமக்கு இந்தக் கணக்கு ஏழு மாதம் எட்டவில்லை. கண்டோன்மென்ட் நிலையம் என்ற ஒன்று அக்கைப்பேசியில் வரவே இல்லை. மகளின் பள்ளிக் கட்டணத்திற்கென வைத்திருந்ததில் 38,000 ரூபாய் போயிற்று. வங்கிப் புத்தகத்தைப் பார்த்த இல்லத்தரசி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுவாரம் அவர் கழுத்தில் சங்கிலி இல்லை. கட்டணம் கட்டப்பட்டிருந்தது. சங்கிலியை மீட்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

சட்டம் இங்கும் அங்குமாக ஆடிற்று. கர்நாடக அரசு 2021இல் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுத்தது; உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் அப்பிரிவுகளை நீக்கியது. தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய இதே இழுபறி. இறுதியில் மத்திய அரசின் சட்டத்திற்கு 2025 ஆகஸ்டு 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் இணையத்தில் பணம் வைத்து ஆட்டம் நடத்துவதை அது தடுக்கிறது. ரம்மி திறமையா என்ற கேள்விக்கு நம் விடை இன்றும் 'ஆம்' என்பதே. அத்திறமை நம் 38,000ஐக் காக்கவில்லை.

துண்டு ரம்மியை நாம் விடவில்லை. சென்ற மாதம் தங்கவயலில் ஒரு திருமணத்திற்குச் சென்று திரும்புகையில் வண்டியில் பழைய பெரியவரைக் கண்டோம். அன்று நமக்கு வந்த கை இது. டைமன் 4, 5, 6 ஒரிஜினல். இஸ்பேட், கிளாவர், ஆட்டின் 3 ஒரு சேர்க்கை. கிளாவர் 10, ராணி, ராஜாவுடன் ஒரு ஜோக்கர் இரண்டாம் தொடர். மீதி ஆட்டின் 7, 8, இஸ்பேட் 7, எடுத்த சீட்டான டைமன் ஜாக்கி. ஜாக்கியை எறிந்தால் ஜோக்கர் நீங்கலாக 10 சீட்டுகளில் எது வந்தாலும் ஆட்டம் முடியும். ஆனால் அடுத்திருந்த பெரியவர் இரண்டு சுற்றுக்கு முன் குவியலிலிருந்து டைமன் 10ஐ எடுத்து, உடனே இஸ்பேட் 10ஐ எறிந்திருந்தார். இஸ்பேட் 7ஐ எறிந்தால் ஜாக்கி அவர் கைக்குப் போகாது. நமக்கோ 6 சீட்டுகளே மிஞ்சும். வண்டி கிருஷ்ணராஜபுரத்தைத் தாண்டிவிட்டது.

நாம் எறிந்தது எது, தேநீர் வாங்கியவர் யார் என்பதை அடுத்த இதழில் சொல்வோம். அதற்குள் வாசகர் தம் விடையைக் காரணத்துடன் சங்க முகவரிக்கு எழுதலாம். அல்சூர் அன்பரின் கடிதத்தை முதலில் எதிர்பார்க்கிறோம்.