கேட்டமரன் வகுப்புகள் இனியும் பெருக வேண்டுமா?
உலகப் பாய்மரப் படகோட்டக் கூட்டமைப்பின் தலைவருக்கு ஒரு திறந்த மடல்



கேட்டமரன் எனப்படும் இரட்டையுடல் பாய்மரப் படகுகளின் பந்தயங்களுக்கு வருவோர் குறைந்துவரும் இக்காலத்தில், புதிய வகுப்புகளுக்கு ஏற்பளிப்பதா, இருப்பவற்றை நெருக்கி ஒன்றுசேர்ப்பதா என்னும் கேள்வி கூட்டமைப்பின் முன் நிற்கிறது. வகுப்பு என்பது, ஒரே அளவு விதிகளுக்கு உட்பட்டு, முன்னால் வந்து சேர்வதே வெற்றி என்ற முறையில் தமக்குள் போட்டியிடும் படகுகளின் தொகுதி.

பங்கேற்புக் குறைவுக்கு ஓட்டுநர்களின் ஆர்வக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்வது நேர்மையாகாது. ரோட்னி மார்ச் 1967இல் வடிவமைத்த டொர்னாடோ என்னும் கேட்டமரன், 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இடம்பெற்று, அதன்பின் நீக்கப்பட்டது. 2012இல் கேட்டமரனுக்கே அங்கு இடமில்லை. 2016இல் ஆணும் பெண்ணும் இணைந்து செலுத்தும் நாக்ரா 17 வந்தது. டோக்கியோ போட்டிக்கு முன்பே அதுவும், நீருக்குள் சிறகுபோல் இயங்கிப் படகை மேலே தூக்கும் தகடுகள் கொண்டதாக மாற்றப்பட்டது. இத்தகைய திருப்பம் ஒவ்வொன்றும், முந்தைய படகில் பணத்தையும் ஆண்டுகளையும் செலவிட்டவரைக் கரையிலேயே நிற்க வைத்தது.

ஒருவர் செலுத்தும் ஏ-கிளாஸ் கேட்டமரன் வகுப்பு இதே நெருக்கடியை வேறுவிதமாகக் கையாண்டது. தகடுகளில் பறக்கும் படகுகள் வந்தபோது, பறக்காதவற்றை வெளியேற்றாமல், ஒரே சங்கத்தின் கீழேயே கிளாசிக், ஓப்பன் என இரு பிரிவுகளாகப் புள்ளியிட்டதால் பழைய படகுகளும் பந்தயத்தில் நீடித்தன. ஃபார்முலா 18 வகுப்பின் வழியும் கவனிக்கத்தக்கது: 5.52 மீட்டர் நீளம், 2.60 மீட்டர் அகலம், குறைந்தது 180 கிலோ எடை என்பன போன்ற வரம்புகளை மட்டும் வகுத்து, வெவ்வேறு நிறுவனங்களின் படகுகளை ஒரே வரிசையில் நிறுத்துகிறது. ஹோபி 16 வகுப்பின் உலகப் போட்டிகளிலோ ஏற்பாட்டாளர்களே படகுகளைத் தந்து, ஓட்டுநர்களிடையே மாற்றிவிடுகின்றனர். தொலைவிலிருந்து வருபவர் படகைக் கப்பலில் ஏற்ற வேண்டியதில்லை.

நான்கு வகுப்புகளிலிருந்து ஆறேழு படகுகள் மட்டும் வரும் உள்ளூர்ப் பந்தயத்தில், அனைத்தையும் ஒன்றாகப் புறப்படச் செய்து, படகுகளின் வேக வேறுபாட்டை ஈடுகட்டும் எண்ணைப் பயன்படுத்துவதே நடைமுறைக்கு உகந்தது. நீளம், எடை, பாய்ப்பரப்பு முதலியவற்றிலிருந்து கணக்கிடப்படும் இவ்வெண்ணால் ஓட்ட நேரத்தை வகுத்து வெற்றி முடிவாகிறது. எனினும் மென்காற்றில் ஒரு படகுக்கும் பெருங்காற்றில் மற்றொன்றுக்கும் சாதகம் கிடைப்பதை ஒரே எண்ணால் முழுமையாக ஈடுகட்ட இயலாது. கரையேறியபின் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இதைப் பற்றியவையே. ஆகவே பொதுப் புறப்பாட்டுக்குள்ளேயே, ஒரே வகுப்பில் போதிய படகுகள் வந்திருந்தால், அவற்றுக்குத் தனிப் பரிசும் அளிக்கப்பட வேண்டும்.

இக்காரணங்களால், புதிய கேட்டமரன் வகுப்புக்கான அடுத்த விண்ணப்பம் வரும்போது, அதன் படகுகள் இப்போதுள்ள ஏதேனும் ஒரு வகுப்பின் வரம்புக்குள் ஏன் அடங்காது என்பதை விண்ணப்பதாரர் நிறுவும்வரை, கூட்டமைப்பு அதற்கு ஏற்பளிக்கலாகாது எனத் தலைவர் அவர்களை இம்மடல் வேண்டுகிறது.