திரையிற் பிறிதுமொழிதல்

மயிற்பீலி ஏற்றிய வண்டியைப் பற்றி வள்ளுவர் கூறியது வண்டிக்காரனுக்கன்று, அரசனுக்கே. அணிநூலார் இதனைப் பிறிதுமொழிதல் என்பர். கோடிக்கணக்கான டொலர் செலவில் ஆக்கப்படும் விஞ்ஞானப் புனைவுத் திரைப்படங்களும் இவ்வணியைக் கையாண்டு அரசியல் பேசுகின்றன. அவற்றை எமது மாணவர் காண்பதை நாம் குறைகூறோம். நாமும் கண்டு களித்தோரே. ஆயின், கேட்போன் தன்னையே சுட்டியதென உணரானாயின் அவ்வணியாற் பயன் யாது?

1977இல் வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் ஒரு பேரரசும் அதனை எதிர்க்கும் சிறு கிளர்ச்சிப்படையும் வருகின்றன. வியட்நாம் யுத்தத்தையும் அதில் தம் நாடு நின்ற நிலையையும் எண்ணியே இக்கதையை அமைத்ததாக நெறியாளர் ஜோர்ஜ் லூக்காஸ் கூறியுள்ளார். அமெரிக்க மக்களோ கிளர்ச்சிக்காரர் பக்கஞ் சார்ந்து கைதட்டினர். 1983 மார்ச்சில் ஜனாதிபதி றீகன் சோவியத் ஒன்றியத்தைத் தீய பேரரசு என்றார். அதே மாதம் அவர் அறிவித்த ஏவுகணைத் தடுப்புத் திட்டத்துக்கு, அதனை எள்ளியோர் இப்படத்தின் பெயரையே சூட்டினர். பேரரசு என்றும் அயலானே! அனைவரையும் மகிழ்விக்க முயலும் படத்துக்கு இக்கதி நேர்தல் இயல்பென்பது எமது துணிபு.

யப்பானியரின் 'கொட்சில்லா' இத்தகையதன்று. 1954 மார்ச் 1ஆந் திகதி பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல், யப்பானிய மீன்பிடிக் கப்பலொன்றில் இருந்த 23 பேர்மீது படிந்தது. அவருள் ஒருவர் செப்டெம்பரில் மாண்டார். நவம்பரில் இசிறோ ஹொண்டாவின் இப்படம் வெளியாயிற்று. தொடக்கத்திலேயே கடலில் ஒரு கப்பல் பேரொளியிற் சிக்கி எரிகின்றது. அன்று அதைக் கண்ட யப்பானியருக்கு உரையாசிரியர் வேண்டியதில்லை. அன்றியும், தம்மைத் துன்புற்றோர் எனக் கருதி ஆறியிருக்கவும் படம் அவர்களை விடவில்லை. விலங்கைக் கொல்லவல்ல கொடிய கருவியைக் கண்டுபிடித்தவர் செரிசாவா என்னும் யப்பானிய விஞ்ஞானியே. அக்கருவி அரசியலார் கைப்படலாகாதெனத் தம் குறிப்புகளை எரித்து, விலங்கோடு தாமும் கடலடியில் மடிகின்றார்.

1956இல் அமெரிக்காவில் இப்படத்தை வெட்டி, ரேமண்ட் பேர் என்னும் நடிகரை நிருபராகப் புகுத்தி வெளியிட்டனர். அணுப்பரிசோதனை தொடருமாயின் இன்னொரு கொட்சில்லா தோன்றக்கூடும் என்று மூலத்தின் முடிவில் முதிய பேராசிரியர் கூறும் எச்சரிக்கை அதில் இல்லை. உலகம் இனி வாழலாம் என நிருபர் ஆறுதல் கூறுகின்றார். வெட்டுப்படாத மூலம் அந்நாட்டுப் படமாளிகைகளுக்குப் பரவலாக வந்தது 2004இலேதான்.