நமக்கு வந்தால் விதி, லயத்துக்காரனுக்கு வந்தால் அவன் குற்றமா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறோம். முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

2025 நவம்பரில் டித்வா புயல் அடித்துப் போனதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஹட்டன் பஜாரில் ஒரு தேநீர்க் கடையில் நாலைந்து பேர் இருந்தோம். பேச்சு மண்சரிவுப் பக்கம் போனது. ஒரு சகோதரர் சொன்னார்: "எழும்பிப் போகச் சொல்லிச் சொன்னாங்க தானே. போகல்ல. பொறகு ஆரக் குத்தம் சொல்ற?" எல்லோரும் தலையாட்டினோம்.

பத்து நிமிடம் போகவில்லை. அதே சகோதரரின் கடைப் பின்சுவர் மழையில் இடிந்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. வடிகாலை மறித்துத்தான் அந்தச் சுவரைக் கட்டினார் என்பது பஜாருக்கே தெரியும். அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "என்ன செய்ற, அல்லாஹ்ட கத்ர்." அதற்கும் தலையாட்டினோம். நாமும் சேர்ந்துதான்.

ஒரே வாய், ஒரே பிளேன்டீ, இரண்டு தீர்ப்பு. சுவரை வேறு விதமாகக் கட்டியிருக்கக் கூடியவருக்கு விதி. போக இடமில்லாதவனுக்குக் "குத்தம்". வீட்டுக்கு வந்த பிறகுதான் இது நமக்கு உறைத்தது.

இது ஒரு ஆளுடைய பழக்கமில்லை. நம் ஊரே இப்படித்தான் கணக்கு எழுதுகிறது. நம் பிள்ளை சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்தால் அது பிள்ளையின் முயற்சி. கோட்டை விட்டால் "எழுதி வச்சது அவ்வளவுதான்". தோட்டத்துப் பிள்ளை கோட்டை விட்டால் மட்டும் "அதுகளுக்குப் படிப்புல அக்கறை இல்ல". முஸ்லிம்கள் கத்ர் என்கிறோம், இந்துச் சகோதரர்கள் தலையெழுத்து என்கிறார்கள், கிறிஸ்தவர்கள் தேவ சித்தம் என்கிறார்கள். வார்த்தைதான் வேறு. தன் பிழையை மூடவும் அடுத்தவன் தலையில் பழியைப் போடவும் எல்லோருக்கும் ஒரே துணிதான்.

மீரியபெத்தையை மறந்துவிட்டோமா?

2014 ஒக்டோபர் 29, காலை நேரம். கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. அன்று பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் கேட்ட வாதம்தான் இன்று நம் தேநீர்க் கடையில் கேட்கிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் அபாயம் என்று எச்சரித்திருந்தது, மக்கள்தான் நகரவில்லை என்று அதிகாரிகள் பக்கம் சொன்னது. போகச் சொன்னார்கள், போவதற்கு இடம் தரவில்லையே என்று மக்கள் சொன்னார்கள்.

இரண்டு எச்சரிக்கைக்கும் இடையில் ஆறு வருடம். இரண்டாவதற்கும் மண் சரிந்த நாளுக்கும் இடையில் மூன்று வருடம். இந்த ஒன்பது வருடத்தில் யார் கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். நிலம் அரசாங்கத்துடையது. 1992 முதல் அதை நடத்துவது பெருந்தோட்டக் கம்பனிகள். அறிக்கை அதிகாரிகள் கையில். வாகனம், பணம், உத்தரவு போடும் பேனா எல்லாம் மேலே இருந்தவர்கள் கையில். லயத்துக்காரன் கையில் என்ன இருந்தது? பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதற்கும் உறுதி கிடையாது. தோட்டத்தை விட்டு வெளியேறினால் அறையும் போய்விடும், வேலையும் போய்விடுமோ என்ற பயம். வெளியே ஒரு பேர்ச் காணி வாங்க நாட்சம்பளம் போதாது. அந்தச் சம்பளத்தை 1000 ரூபாயாக்கி 2021ல் வர்த்தமானி வந்தபோது அதையும் எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் போனது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும்.

பிறகு என்ன நடந்தது? பூணாகலை மக்கல்தெனியாவில் 75 வீடுகள் கட்டி 2016ல் கொடுத்தார்கள். நல்லது. ஆனால் அந்த 75 வீடு ஒரு உண்மையை உடைத்துச் சொல்கிறது. இடம் இருந்தது. கட்டவும் முடிந்தது. பிணம் விழுவதற்கு முன்னால் கட்டவில்லை, அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய் விதியின் கணக்கில் எழுதாதீர்கள்.

இப்போது நம் மார்க்கத்துக்கு வருவோம். கத்ரை நம்புவது ஈமானின் ஒரு பகுதி. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. கேள்வி என்னவென்றால், அதை எதற்குப் பயன்படுத்துகிறோம்?

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டை ஒட்டிய சம்பவம் பயான்களில் பலமுறை கேட்டதுதான். உமர் (ரழி) ஷாம் நாட்டுக்குப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பது தெரிகிறது. திரும்பிப் போக முடிவெடுக்கிறார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரழி) கேட்கிறார்கள். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்பது உமர் (ரழி) அவர்களின் பதில். அதோடு ஒரு உதாரணமும் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கு. ஒரு சரிவு பசுமை, மறு சரிவு வறட்சி. ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்று.

இதை வைத்து "பாருங்க, உமர் திரும்பிட்டாங்க, லயத்து ஆக்கள் ஏன் திரும்பல்ல?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரே கேள்வி. உமர் (ரழி) அவர்களுக்குத் திரும்பிப் போக மதீனா இருந்தது. லயத்துக்காரனின் மதீனா எது? பள்ளத்தாக்கில் இரண்டு சரிவு இருந்தால்தான் மேய்ப்பவன் தேர்ந்தெடுத்தான் என்று சொல்லலாம். ஒரே சரிவில் கட்டிப் போட்டுவிட்டு, ஏன் பச்சைப் பக்கம் போகவில்லை என்று கேட்பது எந்த நியாயம்?

சக்திக்கு மேல் எந்த ஆன்மாவையும் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்பது அல்பகரா அத்தியாயத்தின் கடைசி வசனம் சொல்லும் கருத்து. தூங்குகிறவன் மேல், பருவமடையாத பிள்ளை மேல், புத்தி பேதலித்தவன் மேல் பொறுப்பில்லை என்று மதரஸாவில் படித்திருக்கிறோம். முடிந்தவனிடம்தான் கேள்வி. ஜேர்மன் தத்துவஞானி கான்ட் சொன்னதன் சாரமும் இதுதான்: ஒருவனைப் பார்த்து நீ செய்திருக்க வேண்டும் என்று சொல்வதானால் முதலில் அவனால் செய்ய முடிந்திருக்க வேண்டும். மதரஸா ஒரு பக்கம், ஐரோப்பா ஒரு பக்கம், அளவுகோல் ஒன்றுதான்.

கத்ரைப் போர்வையாக்கும் வேலையும் புதிதில்லை. உமையாக்கள் காலத்தில் ஆட்சியாளர்களின் அநியாயத்தை அல்லாஹ்வின் ஏற்பாடு என்று சொல்லி மூடியவர்கள் இருந்தார்கள். அந்த வாதத்தை மறுத்து கலீஃபா அப்துல் மலிக்குக்கு எழுதியதாக ஹஸன் அல்பஸரி (ரஹ்) பெயரில் ஒரு கடிதமே வழங்கி வருகிறது. மனிதனுக்கு எந்தத் தெரிவும் இல்லை என்ற ஜபரிய்யாக்களின் கொள்கையை அஹ்லுஸ் ஸுன்னா அறிஞர்கள் ஏற்கவில்லை. மேடையில் அந்தக் கொள்கையைக் கண்டிக்கிறோம். கடைக்கு வந்தால், நம் தவறென்று வரும்போது மட்டும், நாமும் ஜபரிய்யாதான்.

"அறிவியலே சொல்லிவிட்டது, சுயவிருப்பம் என்று ஒன்றில்லை" என்று வருகிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 1983ல் பெஞ்சமின் லிபெட் தன் பரிசோதனையை வெளியிட்டார். விரலை அசைக்க முடிவெடுத்தேன் என்று ஆள் உணர்வதற்குச் சற்று முன்பே மூளையில் அதற்கான தயாரிப்பு தொடங்கிவிடுகிறது என்றது அது. 2023ல் ரொபர்ட் சபோல்ஸ்கி ஒரு பெரிய புத்தகமே எழுதி, மனிதனுக்குச் சுயவிருப்பம் கிடையாது என்று வாதாடினார். வாசியுங்கள், நல்லதுதான். ஆனால் விரலை எப்போது அசைப்பது என்பதும், ஒரு எச்சரிக்கை அறிக்கையை ஒன்பது வருடம் மேசையில் வைத்திருப்பதும் ஒன்றல்ல. ஒன்பது வருடத்தில் நினைத்துப் பார்க்க, மாற்றிக்கொள்ள, வெட்கப்பட, எத்தனை காலைப் பொழுது இருந்தது!

மறுபக்கமும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நாமும் ஒரு பக்கக் கணக்குத்தான் எழுதுகிறோம் என்றாகிவிடும். ஏழை என்பதற்காக எல்லாவற்றுக்கும் மன்னிப்பு என்று நாம் சொல்லவில்லை. சம்பள நாளில் தவறணைக்குப் போய்விட்டு வந்து மனைவியை அடிக்கிறவன் "குடிதான் அடிக்க வச்சிச்சு, என் விதி" என்கிறான். அவனிடம் ஒன்று கேளுங்கள். உன் ஆத்திரமே உன் கையை இழுத்தது என்றால், பிரட்டுக்களத்தில் கங்காணி ஏசியபோது ஏன் இழுக்கவில்லை? துரைக்கு முன்னால் ஏன் கை கட்டி நின்றது? அங்கே அடக்க முடிந்த கையை வீட்டிலும் அடக்க முடியும். யாரை அடிப்பது என்று அந்தக் கை தெரிந்தெடுத்துத்தான் அடிக்கிறது. அவனுக்கு நிலம் இல்லாதது அவன் குற்றமில்லை. அந்த அடி அவன் குற்றம்தான். இரண்டையும் ஒரே வாயால் சொல்லப் பழகுவோம்.

திருக்குறளில் ஊழ் என்று ஒரு அதிகாரம் உண்டு, ஆள்வினையுடைமை என்று இன்னொன்றும் உண்டு. இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்திருக்கிறார் வள்ளுவர். தனக்கு ஒன்று, அடுத்தவனுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளச் சொல்லி அல்ல.

இந்த மலையக மக்களுக்கு எத்தனை முடிவுகளை மற்றவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம். அடுத்த வருடமே வாக்குரிமையும் போனது. 1964ல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்து வைத்து, 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம், 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். தேயிலையை நிறுத்துப் பிரிப்பது போல. நாட்டில் எஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரச்சினை தீர 2003 வரை போனது. இப்படி வாழ்க்கையை வேறொருவர் எழுதிக் கொடுத்த சமூகத்தைப் பார்த்து, "எல்லாம் அவங்க எடுத்த முடிவு" என்று சொல்ல நமக்கு நா கூசவேண்டும்.

கடைசியாக, நம் சொந்தக் குற்றம் ஒன்று. டித்வாவுக்குப் பிறகு நம் வகுப்பில் ஒரு மாணவியின் புள்ளிகள் சட்டென்று விழுந்தன. முன்னேற்ற அறிக்கையில் "கவனக்குறைவு, முயற்சி போதாது" என்று சிவப்பு மையில் எழுதினோம். ஆசிரியர் கலாசாலையில் கல்வி உளவியல் படித்து, பிள்ளையின் சூழலை அறி என்று பக்கம் பக்கமாகப் பரீட்சைக்கு எழுதிய அதே கைதான். கையொப்பம் வைக்க அம்மா வந்தார். கொழுந்து மலையிலிருந்து நேரே வந்த சேறு காலில். "சேர், லயம் வெடிச்சிருக்கு. மழ பேஞ்சா ராவுல புள்ளைய கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போயிருவோம். விடியக் காலம்தான் வர்றது. எங்க சேர் படிக்கிறது?" என்றார். குறை சொல்லும் குரல் அதில் இல்லை. நமக்குத் தெரியட்டும் என்று சொன்னார், அவ்வளவுதான்.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்க ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடம் நம் கையில் இருந்தது. அது கத்ர் இல்லை, நம் பிழை. அந்த வரியை வெட்டிவிட்டு, அந்த அம்மாவிடமும் பிள்ளையிடமும் மாப்புக் கேட்டோம்.

ஆகவே, உறவுகளே, இனி யாராவது "விதி" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்கு முன்பே தெரியும்? யார் கையில் மாற்று வழி இருந்தது? அந்த வழியில் போகாமல் இருந்ததால் யாருக்கு லாபம்? இந்த மூன்றையும் கேட்டு முடித்த பிறகும் எது மிஞ்சுகிறதோ, அதற்கு இன்னாலில்லாஹி சொல்லிப் பொறுமை கொள்வோம். அதற்கு முன்னால் அல்ல.

அடுத்த மழைக்காலம் தூரத்தில் இல்லை. நம் பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்கள் ஒன்றாகப் போய்ப் பிரதேச செயலகத்தில் கேட்கட்டும்: நம் பகுதியில் எந்தெந்த லயத்துக்கு எச்சரிக்கை இருக்கிறது, அந்த மக்களுக்கு உறுதியோடு காணி எங்கே, எப்போது? இதைக் கேட்பது நம்மால் முடிந்த காரியம். முடிந்ததைச் செய்யாமல் இருந்துவிட்டு இன்னொரு மலை சரிந்தால், நாளை மறுமையில் கேள்வி நம்மிடமும் வரும்.

உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறோம். உடன்படுகிறவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகாமல், இந்த வெள்ளிக்கிழமை நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மனுவை எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துத்தான் வேண்டும்.