முதல் கம்ப்யூட்டருக்கு எந்த எஸ்எஸ்டி?

முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய உட்காருபவரின் பட்டியலில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் முதலில் இடம் பிடித்துவிடுகின்றன. பட்ஜெட்டில் பெரும்பங்கும் அவற்றுக்கே போய்விடுகிறது. மிச்சமிருக்கும் பணத்தில் கடைசி வரியாக ஏதோ ஒரு எஸ்எஸ்டி. பகலில் ஆபீஸ் வேலை, இரவில் கேம் என்று ஒரே பெட்டி இரண்டு பாரத்தையும் சுமக்கப்போகிறது என்றால், யோசித்து வாங்க வேண்டிய பொருள் அந்தக் கடைசி வரியில் இருப்பதுதான்.

2020இல் வெளியானபோது ‘சைபர்பங்க் 2077’ கேம் ஹார்டு டிஸ்க்கிலும் ஓடியது. 2023இல் 2.0 அப்டேட் வந்ததும் குறைந்தபட்சத் தேவையே எஸ்எஸ்டி என்றாகிவிட்டது. அதே ஆண்டு வந்த ‘ஸ்டார்ஃபீல்டு’ 125 ஜிபி இடம் கேட்கிறது, ‘பால்டர்ஸ் கேட் 3’ 150 ஜிபி கேட்கிறது. இவை இரண்டும் சேர்ந்தாலே 275 ஜிபி. 500 ஜிபி என்று விற்கப்படும் எஸ்எஸ்டியை விண்டோஸ் சுமார் 465 ஜிபி என்றுதான் காட்டும். அதில் விண்டோஸ், ஆபீஸ் மென்பொருள்கள், வேலைக் கோப்புகள் எல்லாம் ஏறிவிட்டால், அடுத்த கேமுக்காக முந்தையதை அழிக்க வேண்டியதுதான். பெட்டியின் மேல் அச்சிட்ட வேகத்தைப் பார்ப்பதற்கு முன் 1 டிபி கொள்ளளவை உறுதி செய்துகொள்வது நல்லது.

வேகத்துக்கு வருவோம். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரை படிக்கும். என்விஎம்இ வகையில் மூன்றாம் தலைமுறை சுமார் 3,500, நான்காம் தலைமுறை 7,000, ஐந்தாம் தலைமுறை 14,000 எம்பியைத் தாண்டியும் போகிறது. ஆனால், இவை ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் எண்கள். விண்டோஸ் பூட் ஆவதும் பெரும்பாலான கேம்கள் லோடு ஆவதும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் படிக்கும் வேலை. அவற்றை விரித்தெடுக்கும் வேலை பிராசஸர் தலையிலும் விழுகிறது. அதனால்தான் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது கண்கூடாகத் தெரியும் வித்தியாசம், நான்காம் தலைமுறையிலிருந்து ஐந்தாம் தலைமுறைக்கு மாறும்போது தெரிவதில்லை. இந்த நிலையை மாற்ற மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்ததுதான் டைரக்ட்ஸ்டோரேஜ். 2023 ஜனவரியில் வெளியான ‘ஃபோர்ஸ்போக்கன்’ அதைப் பயன்படுத்திய முதல் பிசி கேம். அதற்குப் பிறகும் அதைப் பயன்படுத்தும் கேம்களின் பட்டியல் மெதுவாகத்தான் நீள்கிறது.

மதர்போர்டைக் கவனிக்காமல் எஸ்எஸ்டி வாங்கக்கூடாது. எம்.2 எஸ்எஸ்டி என்பது பெரும்பாலும் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம் கொண்ட மெல்லிய பலகை. ஸ்லாட்டில் சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்திப் படுக்கவைத்து, முனையில் ஒரே ஒரு ஸ்குரூ. பொன்னிறப் பற்களுக்கு நடுவே பெரும்பாலும் சாட்டா வகையில் இரண்டு வெட்டுகள் இருக்கும், என்விஎம்இ வகையில் ஒன்றுதான். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், ஸ்லாட் எதை ஏற்கும் என்று மதர்போர்டு மேனுவலைப் பார்த்தே தீர வேண்டும்.

பிராசஸரும் இதில் தலையிடும். குறைந்த பட்ஜெட்டில் பலரும் தேர்ந்தெடுத்த ரைசன் 5 5600ஜி மூன்றாம் தலைமுறை வரைதான் தரும். பி550 மதர்போர்டின் முதல் ஸ்லாட்டில் 7,000 எம்பி எஸ்எஸ்டியைப் போட்டாலும் அது பாதி வேகத்தில்தான் ஓடும். மிச்ச வேகத்துக்குக் கொடுத்த காசு வீண்.

பெட்டியில் பெரிதாக அச்சிடாத இன்னொரு விஷயம், உள்ளே இருக்கும் சில்லின் வகை. டிஎல்சியில் ஒரு செல்லுக்கு 3 பிட், கியூஎல்சியில் 4 பிட். கியூஎல்சி மலிவு, ஆனால் எழுதுவதில் மந்தம். எழுத வரும் சரக்கை முதலில் திண்ணையில் இறக்கிவைப்பதுபோல, எஸ்எஸ்டி ஒரு வேகமான பகுதியில் அதை வாங்கிக்கொள்கிறது. அது நிரம்பும்வரை வேகம் குறையாது. 100 ஜிபி கேமையோ எடிட்டிங் வீடியோவையோ நகலெடுக்கும்போது திண்ணை நிரம்பிவிட்டால், கியூஎல்சியின் வேகம் சட்டென்று சரியும். 2021இல் குரூஷியல் பி2 எஸ்எஸ்டி அதே பெயரிலேயே டிஎல்சியிலிருந்து கியூஎல்சிக்கு மாறியது அம்பலமானது. அதே ஆண்டு டபிள்யூடி புளூ எஸ்என்550இன் ஃபிளாஷ் சில்லு மாற்றப்பட்டதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. பெயரை நம்பி, பழைய ரிவ்யூவைப் படித்து வாங்குபவருக்கு இது பெரிய அநியாயம். அண்மையில் வந்த ரிவ்யூவைத் தேடிப் படிப்பதே பாதுகாப்பு.

“எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும்” என்ற பயம் மட்டும் வேண்டாம். சாம்சங் 990 புரோ 1 டிபிக்கு உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 600 டிபி எழுதும் வரை, இரண்டில் எது முந்துகிறதோ அது. தினமும் 50 ஜிபி எழுதினாலும் 600 டிபியை எட்ட 32 ஆண்டுக்கு மேல் ஆகும். உண்மையான ஆபத்து வேறு. ஹார்டு டிஸ்க் பழுதாகும்போது பல நேரம் சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி முன்னறிவிப்பே இல்லாமல் செத்துப்போகலாம், அழித்த கோப்புகளை மீட்பதும் அரிது. கேமை மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம், ஆபீஸ் கோப்பை அப்படிச் செய்ய முடியாது. பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று வீட்டில் இருந்தால் அதை பேக்கப்புக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஆக, முதல் கம்ப்யூட்டருக்குப் பொருத்தமானது மதர்போர்டும் பிராசஸரும் ஏற்கும் தலைமுறையில் 1 டிபி டிஎல்சி என்விஎம்இ. வாங்கும்போது சீரியல் எண்ணோடு பில் கேட்டு வாங்க வேண்டும். மாட்டியதும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஓடிய மணிநேரத்தையும் இதுவரை எழுதப்பட்ட அளவையும் பார்க்க வேண்டும். புதிது என்று விற்ற எஸ்எஸ்டியில் அந்த மணிநேரம் நூற்றுக்கணக்கில் இருந்தால், அன்றே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய் மாற்றித் தரக் கேட்கலாம்.