பதக்கம் வாங்கியவருக்கே பதில் இல்லை!



ஏலக்காட்டில் களை எடுக்கும் நமக்கும், கடலில் காணாமற்போன ஒரு வெள்ளைக்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு லயத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.

அவர் பெயர் லயனல் கிராப். பிரிட்டிஷ் கடற்படையின் முக்குளி வீரர். இரண்டாம் உலகப் போரில், ஜிப்ரால்டர் துறைமுகத்தில், கப்பல்களின் அடியில் இத்தாலியர்கள் ஒட்டிவிட்டுப் போன வெடிகளை நீருக்குள் இறங்கிக் கழற்றியவர். 1944-இல் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். வயதானதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு மறுபடி கூப்பிட்டது உளவுத்துறை. 1956 ஏப்ரலில் சோவியத் தலைவர்கள் குருஷ்சேவும் புல்கானினும் வந்த போர்க்கப்பல் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் நின்றது. அதன் அடிப்பாகத்தை வேவு பார்க்க, 19-ஆம் தேதி கிராப் மூழ்கினார். எழவேயில்லை.

அதற்குப் பின் நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அவர் தங்கிய விடுதியின் பதிவேட்டிலிருந்து தாள்கள் கிழித்து எடுக்கப்பட்டன. வேறொரு இடத்தில், கருவிகளைச் சோதித்தபோது காணாமற்போனார் என்று கடற்படைத் தலைமை பொய் சொன்னது. பிரதமர் ஈடன் பாராளுமன்றத்தில் எழுந்து, அவர் இறந்த சூழ்நிலையை வெளியிடுவது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்றார். யாருடைய பொதுநலன்? மறு ஆண்டு ஜூனில் தலையும் கைகளும் இல்லாத ஒரு உடல் கிடைத்தது. அது அவருடையதுதான் என்று முடித்தார்கள். சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. சில ஆவணங்களை 2057 வரை பூட்டி வைத்தார்கள். ஒரு மனிதனின் மரணத்திற்கு நூறாண்டுப் பூட்டு!

வேவுக்குப் போனவரை நாம் கொண்டாடவில்லை. ஆனால் அனுப்பியவன் ஒளிந்துகொண்டான், போனவன் பெயர் ஏட்டிலிருந்து கிழிக்கப்பட்டது. இது நமக்குப் பழக்கமான கதை அல்லவா?

வெள்ளைக்காரன் அரசுதான் அப்படி என்று எண்ண வேண்டாம். கேரள அரசின் கப்பல் கழகத்துக்குச் சொந்தமான 'கைரளி' 1979 ஜூன் 30 அன்று இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு மர்மகோவாவிலிருந்து புறப்பட்டது. போக வேண்டிய இடம் ஜெர்மனியின் ரோஸ்டாக். எரிபொருளுக்கு ஜிபூட்டியில் நின்றிருக்க வேண்டும். ஜூலை 3-க்குப் பிறகு செய்தியே இல்லை. ஏறத்தாழ ஐம்பது பேர்! தேடுதலைத் தாமதித்தார்கள் என்று குடும்பத்தார் கதறினார்கள். அந்த வீடுகளுக்கு உடலும் வரவில்லை, காரணமும் வரவில்லை.

மறைவதற்குக் கடல்தான் வேண்டுமென்பதில்லை. நம் மலையே போதும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்களை மண் மூடியது. எழுபது பேர் மாண்டார்கள். பெரும்பாலும் நம் தமிழ்ச் சனம். நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. மறுநாள் கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளானது. அங்கே இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்தது 10 லட்சம்; பெட்டிமுடிக்கு 5 லட்சம். விமானத்தில் செத்தவர்மேல் நமக்குக் கோபமில்லை. துயரத்தில்கூட டிக்கெட் விலை பார்த்தவர்கள்மேல்தான் கோபம்.

பெட்டிமுடிக்காரர் கம்பெனித் தொழிலாளர். அவர்கள் பெயராவது ஏட்டில் இருந்தது. நம் உடும்பஞ்சோலைத் தாலுக்காவில்? விடியுமுன் போடிமெட்டு ஏறி, கம்பமெட்டு ஏறி ஜீப்பில் நெருக்கியடித்து வரும் நம் பெண்களில் எத்தனை பேர் பெயர் செக்ரோலில் இருக்கிறது? ஜீப் கவிழ்ந்தால், மரம் விழுந்தால், "இவள் எங்கள் தோட்டத்து ஆளே இல்லை" என்று சொல்ல முதலாளிக்கு எந்தத் தாளையும் கிழிக்க வேண்டியதில்லை. எழுதினால்தானே கிழிப்பதற்கு!

ஆகவே கேட்கிறோம்: ஜீப்பை விட்டு இறங்கியதும், கூடையைத் தொடுமுன், ஒவ்வொருவர் பெயரும் அன்றைய தேதியோடு செக்ரோலில் ஏற வேண்டும். கணக்குப்பிள்ளை எழுத மறுத்தால் நாமே ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவோம். யார் தோட்டம், எந்த ஜீப், எத்தனை பேர். அந்த நோட்டை மாதாமாதம் சங்கத்தில் கொண்டுவந்து காட்டுங்கள். அதை எடுத்துக்கொண்டு தொழில் இலாகா அலுவலகத்துக்கு நாம் போவோம்.