அந்தப் படத்த அழிக்கச் சொல்லுங்க சேர்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்துக் கடைசிவரை வாசியுங்கள். குறிப்பாகக் கைக்குழந்தை உள்ள வீட்டார் வாசியுங்கள்.

கடந்த வாரம் எமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றியது. மூன்று வயது ஆண் பிள்ளை, ஒரு கண்ணில் கட்டு. மேலே சிவப்பு எழுத்தில் ‘அவசர உதவி’. கீழே வாப்பாவின் பெயர், ஒழுங்கையின் பெயர், கணக்கு இலக்கம், போன் நம்பர். அதைப் பார்த்து நாங்களும் கவலைப்பட்டோம். நாங்களும் இரண்டு மூன்று குழுக்களுக்கு அனுப்பினோம்.

அந்தப் பிள்ளையின் நானா எமது பாடசாலையில் தரம் 4 இல் படிக்கிறான். அடுத்த நாள் காலையில் அவனைக் கொண்டுவந்து விட்ட வாப்பா, பாடசாலை வாசலில் எங்களை நிற்பாட்டினார்.

“சேர், அந்தப் படத்த அழிக்கச் சொல்லுங்க. காசு தந்த எல்லாருக்கும் அல்லாஹ் பறக்கத் செய்யட்டும். ஆனா என்ட புள்ள நாளைக்கி இஞ்சதானே படிக்க வரப்போறான். ஊருல எல்லார்ர போன்லயும் இந்தப் படம் கிடந்தா அவன் எப்பிடி சேர் தல நிமிந்து வாற?”

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “அப்ப உங்களுக்கு இப்ப என்ன தேவை?” என்று கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை.

“கிளினிக் நாளையில மத்த ரெண்டு புள்ளைகளையும் பாத்துக்கொள்ள ஒராள் வேணும். மறுகா, எங்களோட கொழும்புக்கு வர சிங்களம் தெரிஞ்ச ஒராள் வேணும். அவ்வளவுதான்.”

அந்தப் போஸ்டரில் இந்த இரண்டும் இருக்கவில்லை. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். அது யார் என்று தேடாதீர்கள், கொமென்டில் பெயர் போடாதீர்கள்.

முதலில் நோயைப் பற்றி. அந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோய். கண்ணின் உள்ளே, பின்பக்கம் இருக்கும் விழித்திரையில் உண்டாவது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே வந்துவிடும். உலகளவில் 15,000 முதல் 20,000 வரையான பிறப்புகளில் ஒரு பிள்ளைக்கு வருகிறது. அரிதுதான். ஆனால் வந்த வீட்டுக்கு அது அரிதல்ல.

இது தொற்றாது. உம்மா கிரகணத்தில் வெளியே போனதால் வராது. கண்ணூறால் வராது. கர்ப்ப காலத்தில் எதையோ சாப்பிட்டதால் வராது. விழித்திரையில் உள்ள கலங்களில் ஒரு மரபணு கெட்டுப்போவதால் வருகிறது. பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ நாலு பேருக்கு அந்த மாற்றம் உடம்பு முழுவதிலும் இருக்கும். அவர்களிலும் பலருக்குக் குடும்பத்தில் முன்னர் யாருக்கும் இந்த நோய் இருந்திருக்காது. ஆகவே ‘ஆர்ர பக்கத்தால வந்த நோய்’ என்று உம்மாவின் குடும்பத்தையும் வாப்பாவின் குடும்பத்தையும் தோண்டிப் பார்க்கும் பேச்சை விடுவோம். ஏற்கனவே உடைந்துபோயிருக்கும் ஒரு தாயை ‘நீ என்ன செஞ்சாய்?’ என்று கேட்பதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

இந்த நோயில் நாங்கள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய விடயம் ஒன்று. நேரத்தோடு பிடித்தால் பிள்ளை பிழைக்கும். வசதியான நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிழைக்கிறார்கள். 2018 இல் உலக சுகாதார நிறுவனம் சிறுவர் புற்றுநோய்க்கென ஆரம்பித்த திட்டத்தில், முதலில் கவனிக்க வேண்டிய ஆறு வகைகளில் ஒன்றாக இதையும் சேர்த்திருக்கிறது. காரணம் அதுதான். குணப்படுத்த முடியும். ஆனால் பிந்தினால், நோய் கண் நரம்பு வழியாக மூளைக்குப் போய்விடும்.

பிந்துவது எப்படி என்று எமது ஊருக்குத் தெரியும்.

ஆறு வருடங்களுக்கு முன்னர் இன்னொரு பிள்ளை. பெண் பிள்ளை, இரண்டு வயது. மஃரிபுக்குப் பிறகு லைட் வெளிச்சத்தில் வைத்துச் சோறு தீத்தும்போது ஒரு கண் பூனைக் கண் மாதிரி மினுங்குவதை உம்மா கண்டிருக்கிறார். கண்டவுடன் காட்டினார்கள், கொழும்புக்கும் போனார்கள். அந்தக் கண்ணை எடுக்க வேண்டும் என்று டொக்டர்மார் சொன்னார்கள். கையெழுத்து வைக்கப் பயந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார்கள்.

அன்று இரவு அந்த வீடு நிறைய ஆட்கள். நாங்களும் போயிருந்தோம். “பொம்புளப் புள்ள, கண்ண எடுத்தா நாளைக்கி ஆரு முடிப்பான்?” என்றார் ஒருவர். “எதுக்கும் ஓதிப் பாப்பம்” என்றார் இன்னொருவர். ஒருவர் ஒரு பரியாரியின் நம்பரை எழுதிக் கொடுத்தார். படித்த மனிதர்கள் என்று கதிரை போட்டு உட்காரவைக்கப்பட்ட நாங்கள், சபைக்கு மாற்றமாகப் பேசக்கூடாது என்று தேநீரைக் குடித்துவிட்டு வந்தோம்.

நாலு மாதம் போனது. திரும்பவும் கொழும்புக்குப் போனபோது நோய் கண்ணைத் தாண்டியிருந்தது. அடுத்த நோன்பு வர முன் அந்தப் பிள்ளை மௌத்தானது. ஜனாஸாவுக்கு ஊரே வந்தது. இரண்டு கண்ணோடும்தான் அடக்கினோம்.

அல்லாஹ்வின் கத்ரை நாங்கள் நம்புகிறோம். ஆனால் எங்களுடைய வாயையும் மௌனத்தையும் கத்ரின் மேல் போட்டுவிட்டுத் தப்ப முடியாது. துஆவும் வேண்டும், ஓதுவதும் வேண்டும். மருந்து தேடச் சொன்னதும் இதே மார்க்கம்தான். வைத்தியம் நடக்கும்போது ஓதுங்கள். வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஓதச் சொல்லாதீர்கள்.

கண்ணை எடுப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் இல்லை. கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடித்தால் லேசர், குளிர்ச் சிகிச்சை, கீமோ என்று கண்ணைக் காப்பாற்ற வழிகள் உண்டு. கட்டி பெரிதாகி, அந்தக் கண்ணால் இனிப் பயனில்லை என்ற நிலையில்தான் உயிரைக் காக்கக் கண்ணை எடுக்கிறார்கள். காயம் ஆறி ஒன்றிரண்டு மாதத்தில் செயற்கைக் கண் வைக்கலாம். பிள்ளை வளர வளர அதை மாற்ற வேண்டும். தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிவதே குறைவு.

ஒரு கண்ணோடு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கிரிக்கெட் கதை. மன்சூர் அலி கான் பட்டோடி 1961 இல் வாகன விபத்தில் வலது கண்ணின் பார்வையை இழந்தார். அடுத்த வருடமே, 21 வயதில், இந்திய டெஸ்ட் அணியின் தலைவரானார். 46 டெஸ்ட் விளையாடினார், அதில் 40 இல் தலைவர். வேகப்பந்தை ஒரு கண்ணால் பார்த்து அடித்த மனிதர். எமது பிள்ளைகள் ஒரு கண்ணோடு எழுத வாசிக்க மாட்டார்களா?

இனி அந்த வாப்பா கேட்ட விடயத்துக்கு வருவோம்.

எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பொரளையில் உள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் எமது பகுதிப் பிள்ளைகள் போய் வருகிறார்கள். வைத்தியம் இலவசமாக இருந்தும் குடும்பங்கள் ஏன் இடையில் விட்டுவிடுகின்றன? அவருடைய ஒரு கிளினிக் பயணத்தைக் கேட்டால் விளங்கும்.

எமது கரையோரத்தில் இருந்து இரவு பஸ் ஏறினால் விடியத்தான் கொழும்பு. சின்னப் பிள்ளையின் கண்ணை உள்ளே வைத்துச் சோதிப்பதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும். அதற்காக முதலே சாப்பாடு நிறுத்த வேண்டும். பசியில் அழும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். சொல்வதில் பாதி சிங்களம், விளங்காவிட்டாலும் தலையாட்ட வேண்டும். எழுதிக் கொடுத்த துண்டைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்க வேண்டும். பிறகு மீண்டும் இரவு பஸ். மேசன் வேலை செய்யும் மனிதருக்கு இரண்டு நாள் கூலி போகும். சில வாரங்களில் திரும்பவும் அதே பயணம். இப்படி வருடக்கணக்கில். வீட்டில் மற்றப் பிள்ளைகள் இரண்டும் இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு.

அவனுடைய நானா மூன்று மாதமாக வீட்டு வேலை செய்துகொண்டு வரவில்லை என்று வகுப்பில் எழுப்பி நிற்க வைத்திருக்கிறோம். ஏன் என்று கேட்கவில்லை. அதுவும் எங்கள் பிழை.

ஆகவே போஸ்டர் அடிப்பதற்கு முன் நாங்கள் செய்யக்கூடியவை:

1. போன குழுக்களில் எல்லாம் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். பிள்ளையின் முகம் இல்லாமலும் உதவி கேட்கலாம். பள்ளி நிர்வாகமும் ஸகாத் குழுவும் விசாரித்து உறுதிப்படுத்தினால் போதும். ஒரே தடவை பெரிய தொகையை விட, மாதாமாதம் பயணச் செலவுக்கும் இழந்த கூலிக்கும் ஒரு தொகை கொடுத்தால் சிகிச்சை இடையில் நிற்காது.

2. ஊரில் சிங்களம் நன்றாகத் தெரிந்த பென்ஷன் எடுத்தவர்கள், கொழும்பில் படிக்கும், தொழில் செய்யும் எமது பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் ஒரு குடும்பத்தோடு கிளினிக்குக்குப் போய் நிற்க முடியுமா? கொழும்பில் வீடு உள்ளவர்கள் ஒரு இரவு தங்க இடம் தர முடியுமா? இதுவும் ஸதகாதான்.

3. நோய் விசாரிக்கப் போவது நல்ல அமல். ஆனால் கீமோ ஏற்றிய பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைவு. தடிமன், இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் போகாதீர்கள். கூட்டமாகப் போகாதீர்கள். வாசலில் நின்று உம்மாவிடம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால், எந்த நேரமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கொடுங்கள். விடியட்டும் என்று பார்க்கக் கூடாது.

4. வைத்தியம் நடக்கும் பிள்ளையின் நானா, ராத்தா, தங்கச்சி எல்லோருடைய கண்களையும் டொக்டர் சொன்னபடி சோதிக்க வேண்டும். இதைக் குமர்ப் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சில் குறையாக இழுக்காதீர்கள். அந்தப் பயத்தில்தான் ஆட்கள் நோயை மறைக்கிறார்கள்.

பாடசாலையாக நாங்கள் செய்யப்போவதையும் எழுதிவிடுகிறோம். பிறகு நீங்கள் கணக்குக் கேட்கலாம். கிளினிக் நாட்களில் அந்த இரண்டு பிள்ளைகளும் பாடசாலை விட்டபின் அஸர் வரை எமது ஆசிரியை ஒருவரின் வீட்டில் இருப்பார்கள். பகல் சாப்பாடும் வீட்டு வேலையும் அங்கேதான். வகுப்பில் யாருக்காவது கொப்புளிப்பான் வந்தால் அன்றே அந்த உம்மாவுக்குச் சொல்லுவோம். சின்னவன் தரம் 1 க்கு வரும்போது, இடது கண் இல்லாத பிள்ளை என்பதால், வகுப்பின் இடது ஓரத்தில் முன்வரிசையில் இருத்துவோம். அப்போதுதான் வகுப்பு முழுவதும் அவனுடைய நல்ல கண்ணின் பக்கம் இருக்கும். இருக்கும் ஒரு கண்ணைக் காக்க விளையாட்டில் பாதுகாப்புக் கண்ணாடி போடுவான், ஆனால் விளையாடுவான். ஆசிரியர் கலாசாலையில் விசேட தேவையுள்ள பிள்ளைகளைப் பற்றி நிறைய எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணினோம். உண்மையான பரீட்சை இப்போதுதான் வருகிறது.

கடைசியாக எல்லோரிடமும் ஒன்று. இந்த நோய் பெரும்பாலும் பாடசாலை வயதுக்கு முன்பே வருவது. ஆகவே ஆசிரியர்கள் காண்பதற்கு முன் வீட்டார்தான் காண வேண்டும். இன்று இரவு உங்கள் போனில் உள்ள குழந்தைகளின் படங்களை எடுத்துப் பாருங்கள். பிளாஷ் அடித்து எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிகிறதா? மங்கல் வெளிச்சத்தில் கண் மினுங்குகிறதா? புதிதாக மாறுகண் விழுந்திருக்கிறதா? எல்லா வெள்ளையும் புற்றுநோய் அல்ல. படம் எடுத்த கோணத்தாலும் வரும், வேறு கண் நோய்களாலும் வரும். ஆனால் அதைத் தீர்மானிப்பது நாங்கள் அல்ல, கண் டொக்டர். மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள், பக்கத்து ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்கில் காட்டுங்கள். அடுத்த மாதம் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், இந்தக் கிழமையே போங்கள். ‘ஒன்றுமில்லை’ என்று டொக்டர் சொன்னால் அல்ஹம்துலில்லாஹ், ஒரு நாள்தான் வீண்.

ஒரு பிள்ளையின் படத்தை அழிப்போம். எங்கள் பிள்ளைகளின் படங்களைத் திறந்து பார்ப்போம்.

அடக்கிய பிள்ளைக்காக அந்த வீட்டாரிடம் நாங்கள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்ஷா அல்லாஹ், இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போகிறோம்.

அந்தச் சின்ன மகனுக்கு அல்லாஹ் பூரண சுகத்தைக் கொடுக்கட்டும். அவனுடைய உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் பொறுமையைக் கொடுக்கட்டும். எங்களுக்கு வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்கும் தைரியத்தைக் கொடுக்கட்டும். ஆமீன்.