கண்ணீர் வராதவன் கல்நெஞ்சனா?

“பெற்றவள் பிணமாகக் கிடக்கிறாள், இவன் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லையே!” என்று இழவு வீட்டில் புறம் பேசும் பெரிய மனிதர்களைக் கேட்கிறோம்: இவனை என்றைக்கு ஐயா அழவிட்டீர்கள்?

பழைய தஞ்சை ஜில்லாவில் பண்ணையாளுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும்தான் மிராசுதாரின் சட்டம். 1940களில் விவசாயிகள் சங்கம் எதிர்த்து நின்ற பிறகே அது ஒழிந்தது. வாய்விட்டு அழுதால் அடி கூடும். பல்லைக் கடித்து நின்றவன் தன் பிள்ளைக்கும் அதையே பழக்கினான். ஆனால் ஆண்டை வீட்டு இழவென்றால் சேரிப் பெண்கள் போய் மாரடிக்க வேண்டும்! அந்த அழுகைக்கு மட்டும் உத்தரவு உண்டு.

மில்லிலோ, காரியம் முடியுமுன் ஷிப்டுச் சங்கு ஊதிவிடும்.

மனச்சோர்வு முற்றினால் சிலருக்கு அழுகையே வராது என்கிறது மருத்துவம். அதற்குத் தரும் சில மாத்திரைகளும் அழுகையைக் கட்டிவிடுவதுண்டு. 1933இல் ஸ்வீடன் டாக்டர் ஷோகிரன் விவரித்த நோயில் கண்ணீர்ச் சுரப்பியே வற்றிப்போகிறது. கண்ணைப் பார்த்து நெஞ்சின் ஈரத்தை அளக்க இவர்கள் யார்?

தோழர்களே! “ஆம்பளை அழலாமா?” என்ற கேலி நம்மிடையேயும் உண்டு. அதை விடுங்கள். ஷிப்டு முடிந்ததும் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். அழச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். வாரக்கணக்கில் சோறும் தூக்கமும் இல்லையென்றால் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.